பல்லும் பில்லும்

இஞ்சாருங்கோ,

இரவு வேலையால் வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். சோறும் மீன் குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. வலப்பக்கத்தால் சப்ப வேண்டாம்.

நான் காலை எட்டு மணி ரயிலில் ஓகூஸ் நகருக்குப் போகிறேன், காப்புறுதிக் கந்தோருக்கு. உங்கள் பல்லுக்கு நாங்கள் ஆயிரத்து இருநூறு குரோனர் கட்டினால் போதும் என்று எழுதித் தந்தவர்கள் அவர்கள்தான். இப்போது ஒன்பதாயிரத்துக்குப் பில் வந்திருக்கிறது. அவர்களுடைய கடிதத்தையே கொண்டுபோய்க் காட்டுவேன். எழுத்தில் பதில் தரும்வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். எனக்குத் தெரிந்த டேனிஷ் அதற்குப் போதும்.

நேற்று வேலைக்குப் போகும்போது, "பல்லைப் பிடுங்கிப்போட்டா முடிஞ்சுது, அந்தக் காசு முகாமிலை இருக்கிற தங்கச்சிக்குப் போகட்டும்" என்றீர்கள். நான் படாரென்று கதவைச் சாத்தினேன். அது பிழைதான். ஆனால் மூன்று மாதமாக வன்னிச் செய்தி பார்த்துப் பார்த்து, கடித்துக் கடித்தே அந்தப் பல்லை உடைத்தீர்கள். யுத்தம் போன கிழமை முடிந்துவிட்டது. அதற்கு இனி உங்கள் பல்லையும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தங்கராணி

மாதாமாதம் கட்டிவந்த என்னுடைய சீட்டுக் காசை, கழிவு போனாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே எடுத்துவிட்டேன். ஓகூஸில் இறங்கியதும் முதலில் உங்கள் தங்கச்சி வினோதாவுக்குக் காசு அனுப்பிவிட்டுத்தான் கந்தோருக்குப் போவேன்.

இன்று பின்னேரம் இரண்டு மணிக்குப் பல் வைத்தியரின் வாசலில் நிற்பேன். வராமல் விடாதீர்கள்.