தளர்த்தாமல் வைத்த ஆறு கம்பிகள்

போன செவ்வாய்க்கிழமை மதியம் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ உள்ளேயிருந்து கதவை உதைத்தது போல ஒரு அடி. அதன் பின்னால் ஆறு கம்பிகளும் சேர்ந்து அலறி, உடனே அடங்கின. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எழுந்து போனேன். எதற்கும் பதறி ஓடுகிறவள் இல்லை நான். ஆனால் அலமாரிச் சாவியை இரண்டு முறை தப்பாக நுழைத்தேன்.

கிட்டார்ப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது உங்கள் டால்கம் பவுடர் வாசனை. வியர்வையில் விரல் கம்பியோடு ஒட்டக்கூடாது என்று வாசிக்கும் முன் கை நிறையத் தடவிக்கொள்வீர்களே, அது. அப்புறம் கதவுப்பிடி, திரைச்சீலை, என் பைபிளின் கறுப்பு அட்டை என்று தொட்ட இடமெல்லாம் வெள்ளைத் தடம். துடைத்துக்கொண்டே திட்டுவேன். மூன்று வருடம் மூடிக் கிடந்த பெட்டிக்குள் அந்த வாசனை அப்படியே இருந்திருக்கிறது.

பிறகுதான் கிட்டாரைப் பார்த்தேன். கம்பிகளைப் பலகையோடு பிடித்து நிறுத்தும் கறுப்புக் கட்டை, நீங்கள் பிரிட்ஜ் என்பீர்கள், பிய்ந்து எழுந்து நின்றது. மரத்தில் ஒரு செதிலையும் கூடவே பிடுங்கியிருந்தது. கம்பிகள் துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்து கிடந்தன.

இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று நான்கு நாளாக யோசித்தேன். இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமான புதிதில் நல்ல கம்பி லேசில் கிடைக்காது. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் உண்டு. அதனால் பழைய கம்பிகளையே கழற்றி, கொதிக்கவைத்து, மறுபடி மாட்டுவீர்கள். அழுக்கு இறங்கினால் சத்தம் பளிச்சென்று வரும் என்பது உங்கள் கட்சி. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து காபி போடப் போனால், அடுப்பில் என் பால் பாத்திரம். அதற்குள் கம்பிகள் சுருண்டு கொதிக்கின்றன.

"இது பால் பாத்திரம்."

"தெரியும். அதான் நல்லா கழுவி எடுத்தேன்."

"இனிமே இதுல காய்ச்சின காபியை யார் குடிக்கிறது?"

"நான் குடிக்கிறேன் மதர். இரும்புச் சத்து."

கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் நான் உங்களுக்கு மதர். கோபம் வந்தால் மதர் சுப்பீரியர். அன்றோடு அந்தப் பாத்திரம் உங்களுடையதாயிற்று.

கிட்டார் சாமான்களைப் பற்றிய உங்கள் அபிப்பிராயங்கள் பங்குச் சாமியாரின் பிரசங்கத்தைவிட நீளமானவை. போனைப் பார்த்துச் சுருதி சேர்ப்பது சோம்பேறித்தனம். இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்துக் கேட்டால்தான் சுருதி. கம்பியை மீட்டக் கடையில் விற்கும் பிளெக்ட்ரம் எதுவும் உதவாது. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் வெட்டியதுதான் சரியான கனம். என் சமையலறையில் இன்றைக்கும் முழு மூடி ஒன்று கிடையாது. துவரம்பருப்பு டப்பா, கடுகு டப்பா, எல்லா மூடியிலும் எலி கடித்தது போல ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. பிளாஸ்டிக் காகிதம் வைத்து ரப்பர் பேண்ட் போட்டுத்தான் மூடுகிறேன்.

காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற சின்னப் பெட்டிகள் என்றால் உங்களுக்கு ஆகவே ஆகாது. "மிதிக்கணும்னா சைக்கிள் ஓட்டட்டும்" என்பீர்கள். அப்படிப்பட்ட பெட்டி ஒன்று ஒருநாள் நான் அரிசி அளக்கும்போது டிரம்முக்குள் கையில் தட்டியது.

"இது என்ன?"

"அதுவா, பழசு. ரொம்ப நாளா நம்மகிட்ட இருக்கு."

"அரிசிக்குள்ளயா?"

"ஈரம் பட்டா கெட்டுடும்ல, அதுக்குத்தான்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். என் வாயில் பொய் வந்ததே கிடையாது என்று அன்று உங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, அரிசியை ஊதி ஊதி அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் விளையாடியதில்லை. நாலு நாளைக்கு மேல் வாசிக்க முடியாது என்றால், கம்பிகளைத் தளர்த்தாமல் பெட்டியை மூடமாட்டீர்கள். வேளாங்கண்ணிக்குக் கிளம்பி, ஆட்டோ வாசலில் ஹாரன் அடிக்கும். நான் பையோடு நிற்பேன். நீங்கள் தடித்த கம்பியில் தொடங்கி ஒவ்வொரு கீயாகத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

"ரயில் போயிடும்."

"இழுத்துப் புடிச்சிக்கிட்டே இருந்தா அதுக்கும் வலிக்காதா? நீயே சொல்லு."

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுருதி சேர்த்தீர்கள். வாசிக்கத் தெம்பில்லை. கட்டைவிரலை ஒரே ஒரு முறை ஆறு கம்பிகளின் மேலும் இழுத்து, சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினீர்கள். அன்று சாயங்காலமே திரும்பிவிடுவோம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

நாலாம் நாள் வார்டில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னீர்கள்: "கம்பியை லூஸ் பண்ணி வெச்சுடு."

"நீங்களே வந்து பண்ணிக்கோங்க."

"மதர், சொன்னா கேளு."

"எனக்கு அந்த வேலை தெரியாது."

தெரியும். நாற்பது வருடம் பையோடு நின்று பார்த்தவளுக்குத் தெரியாதா? அதைத் தளர்த்தினால், நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதைச் செய்ய மாட்டேன் என்றுதான் பிடிவாதம் பிடித்தேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் தண்ணீர் வேண்டுமா, போர்வை வேண்டுமா என்பதைத் தவிர நாம் எதுவும் பேசவில்லை.

அடக்கம் முடிந்து வந்த பிறகாவது செய்திருக்கலாம். அதற்குள் வேறொரு காரணம் வந்துவிட்டது. அந்தச் சுருதி உங்கள் கை கடைசியாகச் செய்த வேலை. ஆறு கம்பியும் நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கலைக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அலமாரியைத் துடைத்தேன். பெட்டியை ஒருநாளும் திறக்கவில்லை.

நேற்று அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்டின் டவுன் பக்கம் கிட்டார் ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன். உங்களை அறியாதவர். பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா வாசிக்கல ஆன்ட்டி?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷமும் டைட்டாவே சும்மா வெச்சிட்டீங்களா? பாருங்க, பலகை வீங்கிப் போச்சு. கழுத்தும் வளைஞ்சிருக்கு. ஒட்டித் தரேன், ஆனா இனிமே இது கம்பி தாங்காது. செவுத்துல மாட்டி வெச்சுக்கலாம்."

"அவர் வெச்ச சுருதி கலையக்கூடாதுன்னுதான் தொடல."

"அய்யோ ஆன்ட்டி, அது நாலஞ்சு வாரத்துலயே எறங்கிப் போயிருக்கும். வெயில், மழை எல்லாம் இருக்குல்ல?"

மூன்று வருடமாக நான் காவல் காத்த அலமாரியில் ஒன்றுமே இருக்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "வாசிக்கிறவரு வூட்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் சொல்லி வெக்கணுமே. சொல்லாமலா பூட்டாரு?"

"ஆமாம். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"இன்னா மனுசன்!" என்று அவர் உச்சுக்கொட்டினார்.

கடைசியில் எழுதுகிறேன் என்றது இதைத்தான். மூச்சுக்குத் திணறிக்கொண்டு முகமூடியை விலக்கிச் சொன்ன மனிதரை, முன்பின் தெரியாத ஒருவர் 'இன்னா மனுசன்' என்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ரசீதை மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடும் சாப்பிட்டேன்.

இன்று காலை கடை திறக்கும்முன் போய் வாசலில் நின்றேன். "அவர் சொன்னார். நான்தான் செய்யல" என்றேன்.

"எந்த கிட்டார் ஆன்ட்டி?"

சொன்னேன். "அட, உடுங்க. இதுக்கா ஆட்டோ புடிச்சு வந்தீங்க?" என்று சிரித்தார். ஒட்டவேண்டாம் என்று சொல்லி, கிட்டாரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் திட்டியிருக்கலாமே என்று இருந்தது.

கட்டிலின் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். தடித்த கம்பியில் தொடங்கினேன். தளர்த்துவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. இருந்தாலும் ஆறு கீயையும், நீங்கள் திருகுகிற மாதிரி, ஒன்றொன்றாகத் திருகி முடித்தேன். எந்தச் சத்தமும் வரவில்லை. பெட்டிக்குள் படுக்கவைத்து, கொக்கிகளைப் போட்டு அலமாரியில் வைத்தேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், விரல்களில் உங்கள் பவுடர். கை கழுவாமல் ஒரு கரண்டியைக்கூடத் தொடாதவள் நான். மத்தியானம் ஆகிவிட்டது, இன்னும் கழுவவில்லை. இந்தக் காகிதத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது.