கீழே எழுத்தாளர், மேலே மாமியார்

புனே
3.11.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

நேற்று கல்லறைத் திருநாள். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளருக்குப் பூ வைக்க ஏரவாடா கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் கல்லறை என்று காட்டிய இடத்தில், கல்லில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் என்ற தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன்.

“புக்கு எழுதுனவரா? அவரு கீழ இருக்காருக்கா. ஜகா இல்ல, பொதைக்க எடமே இல்லேன்னு அதே குழியில எங்க மாமியார மேல வச்சுட்டாங்க. பூவ வைங்க, அது சண்டைக்கு வராது!”

வைத்தேன். “என் மகளைப் படிக்கவைத்தது உங்கள் கதைகள்தான்” என்று நீங்கள் சொல்லச் சொன்ன நன்றியை மட்டும் சொல்லவில்லை. செத்தவர்களுக்குக் காது கேட்காது என்பவள் நான். ஆனாலும் நடுவில் அந்த மாமியார் கேட்டுவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது. ஏனென்று எனக்கே புரியவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது. பார்சல் வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். நன்றியையும் நேரில் சொல்லிவிடலாம்.

உங்கள் மகள்,
கனகவல்லி