மெஷின் ஓடாத நாள்

செவ்வாய், இரவு.

மகள் கோலாலம்பூரிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பிய புது வாட்ச் வந்து ஐந்து நாளாகிறது. பழையது நடையை மட்டும் எண்ணியது. இது இதயத்தையும் கவனிக்கிறது. மூன்று நாளாக, அவர் தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்திருக்கும் நேரத்தில், துடிப்பு சீராக இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்று எச்சரித்தது.

“மெஷின் ஆட்டம் லா. ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிறோம், கையே கிடுகிடுன்னு ஆடுது. வாட்சுக்கு என்னா தெரியும்?” என்றார். எனக்கும் அதை நம்பத்தான் பிடித்திருந்தது.

இன்று விடியலிலிருந்து மழை. மெஷினை வெளியே எடுக்கவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். வாட்ச் அதிர்ந்தது. அதே எச்சரிக்கை. இருவரும் பார்த்தோம்.

“தானா ராத்தா டவுனுக்குப் போயி டாக்டரப் பாத்துட்டு வரலாங்க,” என்றேன்.

“போனா மெஷின் பிடிக்காதேன்னு எழுதிக் குடுப்பாங்க. வேலை போனா தோட்டத்துத் தொரை இந்த வீட்டையும் கேப்பாரு. அப்புறம் எங்க போறது, சொல்லு?”

பிறந்ததிலிருந்து இந்த லைன் வீட்டைத் தவிர எனக்கு வேறு வீடு தெரியாது.

வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “பழசையே எடுத்து வை. நாளைக்கு அதைக் கட்டிக்கிறேன். பாப்பாகிட்ட சொல்லாத.”

கத்தியிருக்கலாம். மகளுக்குப் போன் போட்டிருக்கலாம். பழைய வாட்சைத் தேடி எடுத்துச் சார்ஜில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.