கடலில் விழாத கடிதம்

பலெர்மோ, 7 டிசம்பர் 1996

அமலினி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, எங்கள் வயதான சிஞ்ஞோரா, பிரான்ஸில் பிறந்தவர். இன்று மத்தியானம் டிவியில் அந்நாட்டின் பழைய தபால் விமானம் ஒன்றைக் காட்டினார்கள். கடலில் இறங்கக்கூடியது, நான்கு எஞ்சின்கள், பெயர் 'தெற்குச் சிலுவை'. 1936இல் இதே நாள் ஆபிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குத் தபாலோடு புறப்பட்டதாம். "பின்பக்க வலது எஞ்சினை நிறுத்துகிறோம்" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அதிலிருந்த ஐந்து பேரும் தபாலோடு கடலில் போய்விட்டார்கள்.

சிஞ்ஞோரா சூப் கரண்டியைக் கீழே வைத்தார். பிரேசிலில் இருந்த ஒருவரைக் கட்டச் சம்மதம் என்று தான் எழுதிய கடிதம் அதில்தான் போனதாம். இவர் இங்கே பதிலுக்குக் காத்திருக்க, அந்த மனிதரும் அங்கே காத்திருந்து, கடைசியில் வேறொருத்தியைக் கட்டிவிட்டார்.

"கடலோடு எப்படிக் கோபிக்கிறது? ஒரு ஆள் ஒளிச்சு வச்சிருந்தால் நான் மன்னிச்சிருக்க மாட்டன்" என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

சண்டையால் மன்னாரில் தபால் ஓடாத அந்த நாட்களில், வெளிநாடு போகிறவர்களின் கைதானே நமக்குத் தபால்பெட்டி? நீயும் இங்கிருந்த விமலராஜுக்கு என்று என் கையில் ஒன்று தந்தாய். உன் பதிலுக்குக் காத்திருந்த விமலராஜ் விமான நிலையத்தில் முதலில் கேட்டதே, "அமலினி ஏதும் தந்துவிட்டவளோ?" என்றுதான்.

"ஒண்டும் தரேல்லை" என்றேன்.

அடுத்த வருஷம் விமலராஜுக்கும் எனக்கும் நடந்த கல்யாணத்துக்கு நீ வாழ்த்து அனுப்பினாய்.

நான் வந்த விமானம் எங்கும் விழவில்லை, அமலினி. ஒட்டியது ஒட்டியபடியே உன் கடிதத்தை இத்துடன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
அதைக் கொண்டுவந்தவள்