சுவரில் உள்ளங்கைத் தடம்

ஏங்க,

சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. உப்பில்லை என்று என்மேல் எரிந்து விழாதீர்கள். பத்து மணிக்கு உங்கள் தம்பி டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வருவார்.

ஆஸ்பத்திரியில் எடை வீட்டில் பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தபோதெல்லாம் "அவங்க மெஷின் கோளாறு"ன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். இன்று காலை நம் எடை மெஷினுக்கு மேலே, சுவரில் உங்கள் உள்ளங்கைத் தடத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் கையை ஊன்றிக்கொண்டா நின்றீர்கள்? திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீரையெல்லாம் சுமப்பது உங்கள் இதயம்தான்.

பி.கு.: நானும் யோக்கியம் இல்லை. உங்கள் இதயத்தைப் பற்றி டாக்டர் "பரவாயில்ல"ன்னு சொன்னதாகப் பொய் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "கிட்னிக்கு மெஷின் இருக்கும்மா, ஹார்ட்டுக்கு இல்லம்மா."

தடத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மனசு வரவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.