பச்சை மின்னாத பட்டை

செவ்வாய்க் கிரக நிலையம், நாள் 212, காலை 7:10
எழுதுவது பேச்சித்தாய், பூச்சு அறை ஆள். எட்டாவதோடு நின்றவள், பிழை இருந்தால், கண்டெடுப்பவரே, சிரித்துக்கொள்ளும்.
புதிய பட்டை பூசிக் காயவைத்துத் தயார். விரல் நீளப் பிளாஸ்டிக், உள்ளே எர்பியம் என்ற உலோகம் கலந்த முடியளவுப் பாதை. தூரம் வந்து மங்கிய ஒளியை அது தூக்கிக் கொடுக்கும். நாங்கள் பேசிக்கொள்வது அந்த ஒளியில்தான். எஞ்சினியர் மெர்லின் அதை வண்டியில் மாட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போகிறாள். இங்கே இருப்பதே நாங்கள் இருவர்.
வழியிலிருந்து மெர்லின்: "எக்கா, கூப்பிட்டா பேசணும். செத்தவ மாதிரி இருந்து பயங்காட்டுத வேலையெல்லாம் இன்னைக்கு வேண்டாம்."
அதுதானே என் பொழுதுபோக்கு.

11:40
புழுதிப்புயல் கிளம்பிவிட்டது. வண்டி வெயிலில் ஓடுவது. புழுதி மூடினால் வண்டியும் நிற்கும், அவள் மூச்சுக்காற்று மெஷினும் நிற்கும். பள்ளத்துக்குள் அவளுக்கு வானம் ஒரு கீற்றுதான்.
"திரும்பி வா" என்று அனுப்பினேன். திரும்பத் திரும்ப.
"எக்கா, கேக்குதா? ஆரம்பிச்சிட்டீயளா உங்க கூத்த?"
அவள் குரல் தெளிவாக வருகிறது. என்னுடையது அவளுக்குக் கேட்கவில்லை. இங்கே இருப்பது பழைய பட்டை, வண்டியில் இருப்பது புதியது.

12:05
அதே பூச்சில் மிஞ்சிய பட்டைக்குள் லேசரை விட்டேன். பச்சையாக மின்ன வேண்டும். செத்த மீன் கண் போலக் கிடக்கிறது. ஈரம் குடித்திருக்கிறது. ஈரம் குடித்த பட்டை ஒளியைத் தூக்காது.
ஈரம் எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். பட்டை காயும் பெட்டியில் மோர்மிளகாய் காயவைத்தேன். நாளை மெர்லினுக்குப் பிறந்தநாள். மோர்மிளகாய்க்கு ஏங்கிக் கிடந்தாள். அந்தப் பெட்டிக்குள் மூச்சுக்கூட விடாதீயள் என்றவளும் அவள்தான். பெட்டியைத் துடைத்தது போதும் என்று நினைத்தேன். வாசனை பிடித்துவிடுவாளோ என்ற அவசரத்தில், லேசர் விட்டுப் பார்க்காமலே கொடுத்தனுப்பினேன்.

12:50
"சரி. நானும் இங்கயே இருக்கேன். யாரு முதல்ல சிரிக்கான்னு பாப்போம்."
வேறு வண்டி இல்லை. வெளி விளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டேன். எவர் பார்க்க?
மெர்லின், இது கூத்து இல்லை. இது கூத்து இல்லை.

1:30
வெளியே பழுப்பு இருட்டு.
"எக்கா, இங்க இருட்டிட்டு வருது. நான் தோத்துட்டேன், சரியா? பேசுங்க."
தொண்டை கட்டிவிட்டது. கத்திக்கொண்டேதான் எழுதுகிறேன்.

1:52
"காலையிலயே மோர்மிளகா வாசன வந்துச்சு. எனக்குத்தான? கண்டுக்காத மாதிரி போனேன். பேசுங்கக்கா, வந்து ரெண்டு பேரும் தின்—"

தட்டில் அப்படியே இருக்கிறது.
மெர்லின், நான் பேசிக்கொண்டுதான்