பதினாறு அங்குலத் திரை

மார்ச் 3

அன்புள்ள மேதாவிக்கு,

நலம். நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அக்கா வீட்டு மாடிக்கு நான் வந்து நான்கு மாதமாகிறது. திரும்பி வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் லேப்டாப் போய்விட்டது. திரை கறுத்துவிடுகிறது, விசிறி மட்டும் மிக்சி மாதிரி இரைகிறது. இரண்டு வாரத்தில் ஒரு பல் டாக்டருக்கு இணையதளம் செய்து கொடுக்க வேண்டும். உன் துணையில்லாமல் நானே பேசிப் பிடித்த முதல் வேலை. இதுவரை நம் மெஷின்களை எல்லாம் நீதான் வாங்கினாய், எனக்குக் கடை வாசல்கூடத் தெரியாது. வெப் வேலைக்கு லேப்டாப் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 5

என் அழுத்தக்காரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு திட்டுகூட இல்லாதது சந்தேகமாக இருந்தது.

கேள். மெமரிதான் முக்கியம். பிரவுசரில் முப்பது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கோட் எழுதும் ஆள் நீ. பதினாறு ஜிபிக்குக் குறைந்தால் திணறும். அப்புறம் எல்லாம் சட்டென்று திறக்க எஸ்எஸ்டி. சரி, இதெல்லாம் உனக்கு எதற்குத் தலைவலி? நானே பார்த்துவிட்டேன். பதினாறு அங்குலத் திரை, முப்பத்திரண்டு ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு. ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. ஆர்டரும் போட்டாயிற்று, நம் வீட்டு முகவரிக்கு. வேண்டியதையெல்லாம் ஏற்றி வைக்கிறேன். மேசையில் உன் பக்கத்தையும் துடைத்துவிட்டேன். நீ வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

உன்,
மேதாவி

மார்ச் 7

மேதாவிக்கு,

நான் கேட்டது என்ன, நீ செய்தது என்ன?

ஜன்னல் திரையை நீ தேர்ந்தெடுத்தாய். என் மூக்குக்கண்ணாடியையும் நீ தேர்ந்தெடுத்தாய். எந்த வேலையை நான் ஒப்புக்கொள்ளலாம் என்றும் நீதான் சொன்னாய். எதுவுமே தப்பாகப் போகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகப் போயிருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பேன். உன் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். "பாவம்டி, பாசத்துலதானே பண்றாரு" என்றாள். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஏன் கிளம்பினாய், ஏன் கிளம்பினாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, இதற்குத்தான்.

நான் இங்கே எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்றாவது உனக்குத் தெரியுமா? அந்தப் பாறாங்கல்லை எங்கே வைப்பேன்? ஆர்டரை ரத்து செய். இதற்கும் நீயே ஒரு முடிவெடுத்துக்கொண்டு வந்தாயானால், இதுதான் என் கடைசிக் கடிதம்.

நான்

மார்ச் 12

அன்புள்ளவளுக்கு,

ரத்து செய்துவிட்டேன்.

பதில் எழுத உட்காரும்போதெல்லாம் நடுவில் ஒரு லேப்டாப் மாடலின் பெயர் வந்து நின்றுவிடுகிறது. அழித்து அழித்து இன்றுதான் முடிந்தது.

நீ எங்கே உட்கார்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஒரே மேசையில் ஒன்பது வருஷம் உன் எதிரே உட்கார்ந்தவன் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால் கேட்கிறேன். ஜன்னல் உனக்கு முன்னாலா, முதுகுக்குப் பின்னாலா? மடியில் வைத்துத் தட்டுகிறாயா? பக்கத்தில் பிளக் உண்டா? பல் டாக்டரிடம் வேலையைக் காட்டத் தூக்கிக்கொண்டு போகிறாயா? வலது மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதா? அதை நீ நீவிவிட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

எதை வாங்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. நீ பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒன்றே ஒன்று. நான் அங்கே வந்து உன்னைப் பார்க்கலாமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

மேதாவி என்று கையெழுத்துப் போடக் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 18

அன்புள்ள மேதாவிக்கு,

இதைப் புது லேப்டாப்பில் தட்டுகிறேன். நானே போய் வாங்கினேன். பதினாறு ஜிபி நீ சொன்னதுதான், மறுக்கவில்லை. மற்றதெல்லாம் நான் பார்த்தது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் பளபளக்காத திரை. மேசை கிடையாது, அக்காவின் தையல் மெஷின் பலகைமேல்தான் வேலை, அதனால் பதினான்கு அங்குலம் போதும், கனமில்லாதது. பிளக் எட்டாது, ஆகவே பேட்டரி நன்றாக நிற்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கத்தான் செய்கிறது. அதற்காகக் கடையில் இருந்த ஒவ்வொரு கீபோர்டிலும் தட்டிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாங்க வந்தீங்களா, கதை எழுத வந்தீங்களா?" என்றார்.

அந்த கிராபிக்ஸ் கார்டு எதற்கு? டாக்டரின் இணையதளத்தில் பற்கள் என்ன பறக்கவா போகின்றன? வேலை முடிந்தது, அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஒருவேளை இது தப்பான மெஷினாகக்கூட இருக்கலாம். இருக்கட்டும், நானே தேர்ந்தெடுத்த தப்பு.

வீட்டுக்கு எப்போது வருவேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் மணிக்கட்டைப் பற்றி நீ கேட்டிருந்ததைப் படித்துவிட்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா. மிச்சத்தை நேரில் பேசுவோம், சண்டை வந்தால் வரட்டும். இங்கே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, அக்காவிடம் இன்னொன்று கேட்டு வைக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர், பென் டிரைவ் எதுவும் எடுத்து வராதே. வெறுங்கையோடு வா.

உன்,
அழுத்தக்காரி